அடிபட்ட காரை வாங்கலாமா? முதலில் எங்கே அடி என்று பாருங்கள்

பழைய கார் விளம்பரங்களில் மூன்று சொற்கள் தவறாமல் இருக்கும்: சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், நான்-ஆக்சிடென்ட் (விபத்தே காணாதது). முதல் இரண்டையும் காகிதத்தை வைத்துச் சரிபார்த்துவிடலாம். மூன்றாவதற்குக் காகிதமே கிடையாது. நம் ஊர் ஆர்.சி.யில் வண்டியின் நிறம், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், கடன் கொடுத்த வங்கியின் பெயர் வரை இருக்கும். இந்த வண்டி ஒருமுறை லாரியின் பின்பக்கம் புகுந்து எழுந்தது என்று குறிக்க அதில் ஒரு கட்டம் இல்லை. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினாலும் காப்பீடு எப்போது முடிகிறது, கடன் இருக்கிறதா என்றெல்லாம் வரும், விபத்தைப் பற்றி ஒரு வரி வராது. அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுவார்கள். இங்கே அந்த வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

அதற்காக, அடிபட்ட வண்டி என்றாலே ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையிலோ கோவையிலோ ஐந்து வருடம் ஓடி, ஒரு பம்பர்கூட பெயிண்ட் பார்க்காத கார் இருந்தால் எனக்கு அதுதான் ஆச்சரியம். ஆட்டோ உரசியிருக்கும், பைக்காரர் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போயிருப்பார், வீட்டு கேட்டிலேயே இடித்திருப்பார்கள். "வண்டி அடிபட்டதா?" என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று எந்தப் பதில் வந்தாலும் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. எங்கே அடிபட்டது, எதை மாற்றினார்கள், எதை நிமிர்த்தினார்கள் என்பதுதான் விஷயம்.

தோலா, எலும்பா

இன்றைய ஹேட்ச்பேக், செடான், சின்ன எஸ்.யு.வி. எல்லாமே ஏறக்குறைய மோனோகாக் வகை. அடியில் தனியாக ஒரு சட்டம், மேலே தனியாக உடல் என்று இல்லாமல், தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்த ஒரே கூடு. இந்தக் கூட்டின் மேல் சில பாகங்களை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள்: பானட், கதவுகள், டிக்கி மூடி, முன் ஃபெண்டர்கள், பம்பர்கள். இவை தோல். கழற்றி வேறு மாட்டலாம். மாட்டினால் வண்டியின் பலம் குறையாது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய கதவாக இருந்தாலும் சரியாகப் பொருந்தி, துரு இல்லாமல் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வெல்டிங் செய்யப்பட்டவைதான் எலும்பு. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னோக்கி ஓடும் இரும்புக் கால்கள், அவற்றை ஒட்டிய அப்ரன் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்), கண்ணாடி ஓரத்திலும் கதவுகளுக்கு நடுவிலும் பின்னாலும் நிற்கும் பில்லர்கள், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, தரை, கூரை. முன்பக்கக் கால்களை மோதும்போது மடங்குவதற்கென்றே வடிவமைத்திருப்பார்கள். மோதல் வேகத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவருக்குக் குறைத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. ஒருமுறை மடங்கியதைச் சங்கிலி போட்டு இழுத்து நேராக்கினால் பார்வைக்கு நேராகிவிடும். ஆனால் அடுத்த மோதலில் அது எந்த இடத்தில், எவ்வளவு சுலபமாக மடங்கும் என்பது யாருக்கும் தெரியாது. பில்லர்களில் கதை இன்னும் மோசம். அங்கே இருப்பது உயர் வலிமை எஃகு. அதை கேஸ் வைத்துச் சுட்டு நிமிர்த்தினால் அதன் வலிமையே போய்விடும். பெயிண்ட் அடித்த பிறகு இதை எந்தக் கண்ணும் காணாது.

ஆகவே என் கணக்கு எளிமையானது. தோலில் மட்டும் அடி என்றால் விலை பேசலாம். அப்ரனின் முன்முனை வரை வந்திருந்தால், எங்கே வேலை பார்த்தார்கள், பில் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். பில்லர், கூரை, தரை என்று போயிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா போன்ற வண்டிகள் வேறு சாதி. இவற்றுக்கு அடியில் ஏணி போன்ற தனிச் சட்டம் உண்டு. மேலே உடல் பளபளவென்று இருந்தாலும், குழியிலோ லிஃப்டிலோ ஏற்றி அந்தச் சட்டத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. முன்முனையில் வளைவு, குறுக்கே புது வெல்டிங், ஒரு துண்டு மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட், இவைதான் அங்கே பேசும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

வண்டியைப் பகலில் பாருங்கள். மழையில் நனைந்த வண்டியையும், மாலையில் கடை விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் வண்டியையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்; ஈரமும் மங்கல் ஒளியும், பள்ளத்தில் பட்டி பூசி நிரப்பிய வேலையை நன்றாகவே மறைக்கும்.

முதலில் ஹெட்லைட் பக்கம் குனிந்து, பக்கவாட்டில் வண்டியின் நீளம் முழுக்கப் பார்வையை ஓட்டுங்கள். பக்கத்துக் கட்டடமோ மின்கம்பமோ கதவில் பிரதிபலிக்கும். அந்தக் கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. பிறகு இடைவெளிகள். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடது பக்கம் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவே வலது பக்கமும் இருக்க வேண்டும். எல்லா இடைவெளியும் அகலமாக இருந்தால் அது அந்தக் கம்பெனியின் கைவண்ணமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாறினால்தான் சந்தேகம்.

பெயிண்ட் கனத்தை அளக்க ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். மறுபடி பெயிண்ட் அடித்த பேனல் 200, 300 என்று காட்டும். 500-ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கதவில் 250 காட்டினால் நான் பொருட்படுத்த மாட்டேன். கூரையிலோ பில்லரிலோ 250 காட்டினால் உட்கார்ந்து யோசிப்பேன். யாரும் கூரையை வீட்டு கேட்டில் உரசுவதில்லை. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது; அதில் கிடைக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கருவி இல்லாவிட்டால் மெல்லிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிப்பு தளரும்.

எலும்பைப் பார்க்க வழி கதவின் உள்பக்கம். கதவைத் திறந்து, பில்லரின் விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கைக் கையால் மெல்ல உரியுங்கள். அது திரும்பப் பொருந்திவிடும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. உள்ளே உலோக விளிம்பில் சீரான இடைவெளியில் வட்டமான சிறு குழிகள் வரிசையாகத் தெரியும். தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் அது. நான்கு கதவு வாசலிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் குழிகள் காணாமல் போயிருந்தாலோ, தாறுமாறாக இருந்தாலோ, மேலே பட்டி பூசி வழுவழுப்பாக இருந்தாலோ, அந்தத் தூணை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. முழு ஆய்வில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் அனுமதி என்றால் இதைத்தான் செய்வேன்.

பானட்டைத் தூக்குங்கள். கீல் போல்ட்களின் தலையில் பெயிண்ட் சிதைந்திருந்தால் பானட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர் போல்ட்களும் அப்படியே. இதுவரை தோல்தான், பதற்றம் வேண்டாம். பானட்டின் உள்விளிம்பில், தகர இணைப்பை அடைக்கும் சீலன்ட் பசை ஒரே தடிமனில் கோடு போட்டது போல் ஓடும். மாற்றிய பானட்டில் அது விரலால் இழுத்துவிட்டது போல் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அடுத்து சஸ்பென்ஷன் மேல்முனை வந்து உட்காரும் அப்ரன்களை இடம் வலம் ஒப்பிடுங்கள். சுருக்கம், சுத்தியல் தழும்பு, ஒரு பக்கம் மட்டும் நிறம் மங்கல், இவை எதுவும் கூடாது. ரேடியேட்டரைத் தாங்கும் மேல் பட்டை பல கார்களில் போல்ட் போட்ட தனிப் பாகம். அது புதிதாக இருப்பதை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்க வேண்டாம். அதற்குப் பின்னால் என்ன ஆனது என்று பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவே.

டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். பின்னால் வாங்கிய அடி அந்தப் பள்ளத்தில் சுருக்கமாகத் தங்கியிருக்கும். மேலே எவ்வளவு அழகாக வேலை பார்த்தாலும் அந்த இடத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டைக் காட்டும் குறியும் உண்டு. 2018 வண்டியில் ஒரே ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் 2021 என்றால் ஏன் என்று கேளுங்கள். முன்கண்ணாடி மாறியிருப்பது சாதாரணம். நெடுஞ்சாலையில் தெறிக்கும் ஒரு சரளைக்கல் போதும்.

கடைசியாக, நேரான காலி ரோட்டில் ஓட்டி, ஸ்டீயரிங் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா? விற்பவர் உடனே "அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும் சார்" என்பார். நல்லது, பண்ணிவிட்டே வருவோம் என்று அழைத்துப் போங்கள். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் எண்கள் அளவுக்குள் வர மறுத்தால், வளைந்திருப்பது சஸ்பென்ஷன் பாகமா, வண்டியின் கூடேதானா என்று தெரியும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏர்பேக் எங்கே?

உண்மையில் உயிருக்கு ஆபத்தான ஏமாற்று இதில்தான். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்ற கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அது ஒருமுறை வெடித்தால் பையை மட்டும் மாற்றி வேலை முடியாது. கட்டுப்பாட்டுப் பெட்டி, சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு, பயணிகள் பக்கம் வெடித்திருந்தால் டாஷ்போர்டு என்று செலவு நீளும். அந்தச் செலவைத் தவிர்க்க, பை இல்லாமலேயே மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கையும் ஏதாவது செய்து அணைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் பெரிய கோளாறு, யாரோ கை வைத்திருக்கிறார்கள். இன்ஜின் விளக்கோ வேறு விளக்கோ எரிந்து அணையும் அதே நொடியில் இதுவும் சேர்ந்தே அணைகிறதா என்றும் கவனியுங்கள். இன்னொரு விளக்கின் ஒயரோடு சேர்த்துக் கட்டிவிடுவது பழைய தந்திரம். விளக்கு ஒழுங்காக இருந்தும் உள்ளே பைக்குப் பதில், பை இருப்பதாகக் கணினியை ஏமாற்றும் ஒரு ரெசிஸ்டர் இருக்கலாம். ஸ்டீயரிங் வளையம் தேய்ந்திருக்க நடு மூடி மட்டும் புதிதாக இருப்பது, டாஷ்போர்டில் நிற வித்தியாசம், கீறல் ஒட்டிய தடம் ஆகியவை அதன் அடையாளங்கள். சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். அடியில் தயாரிப்புத் தேதியுடன் ஒரு துணிச்சீட்டு இருக்கும். வண்டியின் வயதோடு அது ஒத்துப் போகிறதா பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவர்களுடைய ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தையில் கிடைக்கும் மலிவு ஸ்கேனர்கள் பல, ஏர்பேக் பெட்டியைத் தொடுவதே இல்லை.

காகிதம் சொல்லும் மறைமுகச் செய்தி

ஆர்.சி. ஊமை என்றாலும், காப்பீட்டு பாலிசியில் ஒரு தடயம் உண்டு: நோ க்ளெய்ம் போனஸ், அதாவது என்.சி.பி. சொந்த வண்டிச் சேதத்துக்குக் க்ளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் அடுத்த பிரீமியத்தில் தள்ளுபடி: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். ஒரு க்ளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். இந்தப் படிக்கட்டைப் பின்னோக்கி எண்ணலாம். 2018-இல் வாங்கிய வண்டி, 2024 ஜூனில் தொடங்கும் பாலிசி, என்.சி.பி. 25 சதவீதம் என்று வையுங்கள். முந்தைய இரண்டு வருடங்கள் சுத்தம். அதற்கு முந்தைய வருடத்தில், 2021 ஜூனுக்கும் 2022 ஜூனுக்கும் நடுவில், பெரும்பாலும் ஒரு க்ளெய்ம் நடந்திருக்கிறது. அந்த வருடத்து சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். அது உடைந்த கண்ணாடிக்குப் போட்ட சின்னக் க்ளெய்மாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது உங்களிடம் தேதியோடு ஒரு கேள்வி இருக்கிறது. விற்பவரின் முகமே பாதிப் பதில் சொல்லிவிடும்.

இதில் ஓட்டைகளும் உண்டு. என்.சி.பி. வண்டியோடு போவதில்லை, ஓனரோடு போகும். ஆகவே இடையில் கை மாறியிருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் சேர்ந்தது போய்விடும். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் வாங்கியவருக்குக் க்ளெய்ம் போட்டும் எண் இறங்காமல் நிற்கும். பிறருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்து ஓட்டியவரிடம் இந்தத் தடயமே கிடையாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரின் கணினியில் பாடி ஷாப் வேலைகளும் பதிவாகும். ஓனரையே கூட அழைத்துப் போய் முழு ஹிஸ்டரியை எடுக்கச் சொல்லுங்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலை அதில் வராது. அதனால் அந்தத் தாள் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

டோட்டல் லாஸ் வண்டிகள்

பழுது பார்க்கும் செலவு, காப்பீட்டில் குறித்த வண்டி மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், நிறுவனம் அதைப் பழுது பார்க்காமல் முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுத்துவிடும். ஐ.டி.வி. 5 லட்சம் என்றால் எல்லை 3 லட்சத்து 75 ஆயிரம். வண்டிக்கு வயது ஏற ஏற ஐ.டி.வி. இறங்கும், உதிரிபாக விலையோ இறங்காது. அதனால் பழைய சின்னக் கார் ஒன்று, எலும்பு உடையாமலேயே, இரண்டு ஏர்பேக் வெடித்து ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் போனதற்கே டோட்டல் லாஸ் ஆகிவிடலாம். புத்தம்புது வண்டி டோட்டல் லாஸ் என்றால் அடி நிஜமாகவே பலம். ஒரே முத்திரை, வேறு வேறு காயம்.

அந்த உடைந்த வண்டி ஏலத்துக்குப் போகிறது. எடுப்பவர் சிலர் பாகம் பாகமாகக் கழற்றி விற்பார்கள், சிலர் சரிசெய்து மறுபடி ரோட்டில் இறக்குவார்கள். இன்னும் சிலருக்கு வண்டியே வேண்டாம், பேப்பர்தான் வேண்டும்: திருடிய அதே மாடல் வண்டியில் இதன் நம்பர்களைப் பொறித்து ஓட்டிவிடுவார்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றிலும் அரைத்த தடம், எழுத்துகளின் வரிசைக் கோணல், சுற்றி மட்டும் புதுப் பெயிண்ட் என்று எதைக் கண்டாலும் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். இதில் மாட்டினால் வண்டியும் போகும், காவல் நிலையத்துக்கும் நடக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கியவையும் இந்த வழியாக வரும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. இவற்றில் இடைவெளியும் வெல்டிங்கும் சரியாகவே இருக்கும், மேலே சொன்ன சோதனை எதிலும் மாட்டாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத் துரு, பெல்ட்டை முழுதாக இழுத்தால் தெரியும் நீர்க்கோடு, ஸ்டெப்னி பள்ளத்தில் மெல்லிய சேறு, காரணமில்லாமல் கமகமக்கும் வாசனைத் திரவியம், இவற்றைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், கதவு மாற்றிய காரைவிட மூழ்கிய கார் பல மடங்கு தொல்லை. ஒயர் முனைகளில் துரு ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாதமும் புதிதாக ஏதாவது ஒன்று நிற்கும்.

வழக்கு இருக்கிறதா?

அடி என்றதும் நாம் தகரத்தையே நினைக்கிறோம். அந்த விபத்தில் யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்திருந்தால் வண்டி காவல்துறை கைக்குப் போய், நீதிமன்றம் வழியாக இடைக்காலமாக விடுவிக்கப்பட்டிருக்கும். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுவிப்பது வழக்கம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் பேர் மாற்றுவதிலேயே சிக்கல் வரும். "எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா?" என்று நேராகக் கேளுங்கள். போட்டிருந்தால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

விலையும் எழுத்தும்

விற்பவர் வாய்திறந்து சொல்லாமல் இருந்தால் அது மோசடியா? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. அதோடு, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், வாங்கியவர் அந்த மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் முடியாது. எனவே மௌனமாக இருக்க விடாதீர்கள். "வண்டியின் பில்லர், அப்ரன், தரை எதிலும் வெட்டி ஒட்டிய வேலை நடக்கவில்லை, ஏர்பேக் வெடித்ததில்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை" என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி கையெழுத்து கேளுங்கள். வண்டி நல்லது என்றால் ஓனர் யோசிக்காமல் போடுவார். "அதெல்லாம் எதுக்குண்ணே, நம்மளுக்குள்ள" என்று இழுத்தால், அந்தப் பதிலையும் ஆய்வு அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் வாங்கும்போது இந்த வரிக்கு இன்னும் மதிப்பு. தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

விலை பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள்: நீங்களும் ஒருநாள் விற்பீர்கள், அன்று உங்களிடமும் ஒருவர் பீடிங்கை உரித்துப் பார்ப்பார். மாற்றிய கதவும் பானட்டும் பில்லோடு வந்தால் சந்தை விலையிலிருந்து கொஞ்சம் குறைத்தால் போதும். பில் இல்லாத அப்ரன் வேலைக்குத் தாராளமாகவே குறைக்கச் சொல்லுங்கள். அடியை முதலிலேயே தானாகச் சொல்லி, உடைந்த நிலையில் எடுத்த படங்களையும் காட்டும் ஓனர் கிடைத்தால், அவரிடம் ரொம்பவும் பேரம் பேசாமல் வாங்குவதே லாபம் என்பது என் எண்ணம். "ஒரு கீறல் இல்லை" என்பவரிடம் கிடைக்காத தகவல் அவரிடம் இருக்கிறது.

வாங்கிய பிறகு, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பேருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பியுங்கள். விற்றவரின் என்.சி.பி. உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். பாலிசி காலாவதியாகி இருந்தால் நிறுவனத்தின் ஆள் வண்டியைப் படம் எடுத்துப் போவார். அப்போது இருக்கும் பழைய சேதங்களைக் குறித்துக்கொள்வார்கள், அவற்றுக்காகப் பின்னால் க்ளெய்ம் கிடைக்காது. அதனால் பாக்கி இருக்கும் டென்ட் வேலையை அந்த ஆள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.